கிண்ணத்துக்கு வெளியே விழுந்த டீசல்

"இது டூப்ளிகேட்டுன்னு ஒரு வரி எழுதிக் குடு அம்மிணி. உன்ர கையெழுத்து இருந்தாப் போதும்."

செம்மலை தன் லாரி இஞ்சினில் கழற்றிய பிஸ்டனை மேசை மேல் வைத்தார். அதன் தலை ஓரத்தில் விரல் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை.

பரிமளம் சங்ககிரியில் டீசல் பம்ப்பும் நாசிலும் டெஸ்ட் பண்ணிக் கொடுப்பவள். செம்மலையை விட இருபத்தைந்து வயது சின்னவள். லாரிக்காரர்கள் அவளை டீச்சர் என்பார்கள். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லாமல் நம்மையே திருப்பிக் கேள்வி கேட்பாள். அந்த எரிச்சலில் வைத்த பேர்.

"யாருக்குக் குடுக்கறதுக்குங்ணா?"

"சங்கத்துக்கு. நாளைக்கு லாரி ஓனருங்க கூட்டம். என்ர டிரைவர் அர்த்தனாரி அசலைக் கழட்டி வித்துப்போட்டு இதை மாட்டியிருக்கான். கூட்டத்துல நான் சொன்னாப் போதும், ஜில்லாவுல ஒருத்தன் அவனுக்கு வண்டி குடுக்க மாட்டான்."

"எத்தன வருசமா ஓட்டறாருங்?"

"பதினெட்டு."

"கழட்டுனதைப் பார்த்தீங்களா?"

"நான் பார்க்கற மாதிரியா திருடுவான்?"

இதுதான் செம்மலை. டீக்கடையில் பால் ஊற்றும்போது மாஸ்டர் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். கோயிலில் அர்ச்சனை முடிந்து வந்த தேங்காய் மூடி தன்னுடையதுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்படி ஒரு பிறவி. என்ன செய்ய?

பரிமளம் பிஸ்டனை டீசலில் முக்கி பிரஷ்ஷால் தேய்த்தாள். உள்பக்கத்துக் கரி கரைந்ததும் ஆணியால் கீறிய ஒரு 'செ' தெரிந்தது.

ஒர்க்‌ஷாப்புக்குச் சாமான் கொடுக்கும் முன் ஓனர்கள் யாருக்கும் தெரியாமல் இப்படிக் கீறி வைப்பார்கள். மாற்றிவிட்டால் கண்டுபிடிக்கலாமே.

"நீங்க கீறுனதுங்களா?"

செம்மலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மாதிரிதான் இருக்குது."

"அப்புறம் என்னங்?"

"அதையும் அவனே கீறியிருப்பான். பதினெட்டு வருசம் கூட இருந்தவனுக்கு என்ர எழுத்துத் தெரியாதா?"

அட சாமி! இதற்கு மேல் ஒரு மனுஷனிடம் என்ன பேசுவது?

பரிமளம் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இஞ்சின்ல என்னென்ன மாத்துனீங்க?"

செம்மலை வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பழைய வண்டி, ஏத்தத்துல இழுவை பத்தலை. அதான் எல்லாத்தையும் பெருசா மாத்திட்டேன். பிஸ்டன் சேலத்துல எடுத்தேன். நாசில் கோயமுத்தூர்ல. டர்போ ஈரோட்டுல."

"ஒரே எடத்துல எடுத்திருக்கலாமுங்களே."

"எடுத்தா ஒருத்தனே மொத்தமா மொட்டையடிச்சிருவான். என்னைய என்ன கேனைன்னு நெனச்சயா? ஒருத்தன்கிட்ட வாங்குனது இன்னொருத்தனுக்குத் தெரியாது." மீசையைத் தடவிக்கொண்டார்.

"நாசில் கடையில, என்ன பிஸ்டன் போட்டிருக்குதுன்னு கேக்கலீங்களா?"

"கேட்டான். அவனுக்கு எதுக்கு அது? நோட்டம் பார்க்கறான். பழைய பிஸ்டன்தான், மாத்தவே இல்லைன்னு அடிச்சு உட்டேன்."

"மீதிச் சாமானெல்லாம் எங்கீங்?"

"கார்ல இருக்குது. ஒர்க்‌ஷாப்புல உட்டுட்டு வந்தா மிஞ்சுமா?"

"எடுத்துட்டு வாங்."

அவர் கொண்டுவந்ததில் ஓட்டை விழாத புது பிஸ்டன் ஒன்றை அவள் டெஸ்ட் மேசையில் வைத்தாள். பிஸ்டன் தலையில் கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கும். நாசில் பீய்ச்சுகிற டீசல் அந்தக் கிண்ணத்துக்குள் விழ வேண்டும்; வெளியே விழுந்து எரிந்தால் பிஸ்டனே உருகிவிடும். பிஸ்டன் தலை மேல் ஒரு வெள்ளைத் தாளை அழுத்திக் கிண்ணத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைந்தாள். இஞ்சினுக்குள் இருக்கிற அதே உயரத்துக்கு அளந்து, அவர் கொண்டுவந்த நாசிலை மேலே டெஸ்ட் கைப்பம்ப்பில் பொருத்தினாள்.

"கைப்பிடியை நீங்களே அழுத்துங்ணா. கீழ கையக் கொண்டு போயிராதீங்க, தோலைக் கிழிச்சிரும்."

"நான் எதுக்கு?"

"நான் அழுத்துனா நம்புவீங்களா?"

அழுத்தினார். 'புஸ்' என்று ஒரு சத்தம்.

தாளில் நாலு ஈரப் பொட்டு. நாலும் பென்சில் கோட்டுக்கு வெளியே.

பரிமளம் அந்தத் தாளைக் கருகிய பிஸ்டன் மேல் வைத்தாள். ஒரு பொட்டு சரியாக ஓட்டையின் மேல் உட்கார்ந்தது. மற்ற மூன்றும் உலோகம் உருகி வழிந்திருந்த இடங்களில்.

செம்மலைக்கு முகம் மலர்ந்தது.

"அப்ப நாசில்தான் டூப்ளிகேட்டு! கோயமுத்தூர்க்காரன் வேலையைக் காட்டிட்டானா?"

"நாசிலும் அசல்தானுங். பழைய பிஸ்டனுக்குண்டான அசல். பழசுல கிண்ணம் அகலம்."

"சேலத்துக்காரன்?"

"அவரு குடுத்ததும் அசல்தானுங்."

"அப்ப யாருதான் என்னைய ஏமாத்துனது?"

பரிமளம் லெட்டர்பேடை எடுத்தாள். பிஸ்டன் அசல் என்று ஒரு வரி, நாசில் அசல் என்று ஒரு வரி. கொஞ்சம் இடம் விட்டுக் கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"நடுவுல எதுக்கு எடம் உட்டிருக்கறே?"

"நாசில் கடையில பிஸ்டனை மாத்தலைன்னு சொன்னது யாருன்னு எழுதோணுமுங்களே. நான் கூட இருந்து பார்க்கலை. பார்க்காததை எழுத மாட்டேனுங்."

பேனாவையும் நீட்டினாள்.

செம்மலை வாங்கவில்லை. தாளைப் பார்த்தார், பிஸ்டனைப் பார்த்தார், பரிமளத்தைப் பார்த்தார். சந்தேகப்பட ஆள் யாரும் மிஞ்சவில்லை. மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பாவி நான். அவனை நடுரோட்டுல நிக்க வெச்சு பையைச் சோதிச்சேன் அம்மிணி."

அவள் பேனாவை இன்னும் கிட்டே நீட்டினாள்.

செம்மலை அதை வாங்கினார். தன் பேரில் முதல் எழுத்தைப் போட்டதும் நின்றுவிட்டார்.

"இதைக் கொண்டுபோய் அத்தன பேரு முன்னாடி நான் எப்படிப் படிப்பேன்? என்ர மானம் போயிருமே."

பரிமளம் நாசிலைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு அங்க அர்த்தனாரியண்ணனுக்குப் போகறதா இருந்துச்சே, அந்த மானமுங்களா?"