தகட்டில் இருந்த பெயர்

இந்தக் குருவுக்குத் தாடி கிடையாது, ஆசிரமமும் கிடையாது. வளைகுடா நகரம் ஒன்றின் ஒதுக்குப்புறத்தில், தகரக் கூரை போட்ட பட்டறையில் வண்டி பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் பிச்சைக்கனி. எல்லோருக்கும் மேஸ்திரி.

சீடரான தவசி அவரைவிட மூத்தவர். ஊரில் லாரி ஓட்டியவர், இங்கே லைசென்ஸ் கிடைக்காமல் ஸ்பானர் பிடிக்க வந்துவிட்டார். அதனால் குரு சீடரை அண்ணே என்பார்; சீடர் குருவை மேஸ்திரி என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் எதுவும் இல்லை.

ஒருநாள் காலையில் பழைய பிக்கப் ஒன்று பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவன் சுடலைமுத்து. தவசியின் அறையில் அவன் மேல்கட்டில், தவசி கீழ்க்கட்டில். ஆனால் அவனுடைய கம்பெனியில் அவனை ராஜமணி என்றுதான் கூப்பிடுவார்கள். ராஜமணி என்கிற யாரோ ஒருவனின் பாஸ்போர்ட்டில் விமானம் ஏறி வந்தவன் அவன். அந்தக் காலத்தில் அப்படி வந்தவர்கள் உண்டு.

"மிதிச்சா இன்ஜின் கத்துது, வண்டி நகரமாட்டேங்குது" என்றான். வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

ஆட்டோமேட்டிக் கியர். தவசி வண்டியின் கதவைத் திறந்து, கதவோரச் சட்டத்தில் அடித்திருந்த தகட்டைப் படித்தார். அதிலிருந்த எழுத்தைக் கடையில் சொல்லி, கியர்பாக்ஸுக்கு ஃபில்டரும் கேஸ்கட்டும் வாங்கி வந்தார். வண்டிக்கு அடியில் பிடித்துப் பார்த்தால் பொருந்தவில்லை. கேஸ்கட் நல்ல நீள்சதுரம். அடியில் இருந்த ஆயில் தட்டுக்கு ஒரு மூலை வெட்டுப்பட்டிருந்தது.

"தகட்டுல பாத்துத்தானே மேஸ்திரி வாங்குனேன்?"

"தகடு வண்டி பொறந்தப்ப அடிச்சது. நடுவுல எவன் கியர் பெட்டியை மாத்துனான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப எந்தப் பெட்டின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மேஸ்திரி ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்தார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, எண்ணெய் வடிந்துகொண்டிருந்த தட்டின்மேல் அட்டையை வைத்து அழுத்தினார். வெளியே வந்து நீட்டியபோது, மூலை வெட்டுப்பட்ட தட்டு அப்படியே கறுப்பாக அதில் பதிந்திருந்தது.

"இதைக் கடையில காட்டுங்கண்ணே. பேர் சொல்லாதீங்க."

தவசி கடைக்குப் போய்த் திரும்பியபோது சுடலையின் கம்பெனி ஆள் வந்து நின்றிருந்தார்.

"உங்க ரூம் ராஜமணி செத்துட்டான். வெயில்ல சுருண்டு விழுந்துட்டான். தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பிணவறைக்கு வந்து அடையாளம் சொல்லணும்."

தவசி, வாங்கி வந்த மூலை வெட்டிய கேஸ்கட்டைக் கீழே வைத்தார். "அவன் பேரு சுடலைமுத்து சார்" என்றார்.

"அதை என்கிட்ட சொன்னதோட விட்டுருங்க. ராஜமணின்னா நாளான்னைக்குப் பிளேன்ல ஏத்திரலாம். வேற பேரைச் சொன்னா விசாரணை, பொணம் ஐஸ்லயே கிடக்கும். உனக்கு எப்படித் தெரியும்னு உங்களையும் போலீஸ்காரன் பிடிச்சு உள்ள வைப்பான்."

"ராஜமணின்னா பெட்டி எங்க போகும்?"

"பாஸ்போர்ட்டுல இருக்கிற ஊருக்கு. தருமபுரிப் பக்கம்."

"இவன் பொண்டாட்டி திருச்செந்தூர்ப் பக்கம்ல இருக்கா?"

கம்பெனி ஆள் காரைப் போய்த் திறந்தார்.

தவசிக்குப் பயமாக இருந்தது. சுடலைக்காக அழ வேண்டிய நேரத்தில் தனக்காகப் பயந்துகொண்டிருப்பது வெட்கமாகவும் இருந்தது. கூப்பிடாமலே மேஸ்திரியும் காரில் ஏறிக்கொண்டார்.

பிணவறையில் ஒரு இழுப்பறையை இழுத்தார்கள். சுடுமணலில் குப்புற விழுந்ததில் முகம் வெந்து பாழாகியிருந்தது. அதிகாரி முகத்தை மூடிவிட்டுக் கால்பக்கம் துணியை விலக்கினார். கட்டைவிரலில் ராஜமணி என்று எழுதிய அட்டை தொங்கியது.

"ராஜமணிதானான்னு கேக்குறார்" என்றார் கம்பெனி ஆள்.

தவசி திரும்பினார். "என்ன சொல்லட்டும் மேஸ்திரி?"

"எனக்கு அட்டையில இருக்கிறதுதான் தெரியும். அவன் கட்டிலுக்கு அடியில படுத்தது நீங்கதானே அண்ணே."

தவசி அந்தக் காலைப் பார்த்தார். தினமும் காலையில் மேல்கட்டிலிலிருந்து அவர் முகத்துக்கு நேரே இறங்கிய கால். சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறியிருந்தது. "மூஞ்சியில மிதிச்சிராதடா" என்று நேற்றுக்கூடத் திட்டியிருந்தார்.

"சுடலைமுத்து" என்றார்.

கம்பெனி ஆள் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. தவசியைப் பிடித்து உள்ளே வைத்து விசாரித்தார்கள். விட்ட பிறகும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பிணம் ஐஸில் கிடந்தது. வெயில் தணிந்தது, குளிரும் வந்துவிட்டது, பெட்டி மட்டும் ஊருக்குப் போகவில்லை.

ஒருநாள் மேஸ்திரி ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். தவசி பக்கத்தில் வந்து குத்தவைத்தார்.

"நேத்து அவன் பொண்டாட்டி போன்ல என்னைய மண்ணை வாரித் தூத்துறா, மேஸ்திரி."

வண்டிக்கு அடியில் ஸ்பானர் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அது ஏதோ ஒரு ஊர் மண்ணுக்குள்ளயாவது போயிருக்கும், இப்படி ஐஸ்ல கிடந்து விறைக்குதேன்னு கத்துறா. பெறகு போனைக் கீழ போட்டுட்டுப் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதா. என்னால கேக்க முடியல."

ஸ்பானர் நின்றது.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பா மேஸ்திரி?"

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"யார் பேரைச் சொல்லிண்ணே அழுதா?"

"சுடலைமுத்து" என்றார் தவசி.