பூட்டிவைத்த ஸ்பீக்கர்

ஓய்வுபெற்ற தாசில்தார் திருவேங்கடத்துக்குத் துபாயிலிருந்து மகன் ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் அனுப்பியிருந்தான். தூசி படக்கூடாதென்று அவர் அதைக் கண்ணாடி ஷோகேஸுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இவர் தொண்டை கிழியக் கத்தினால் அது பாடும். பாட்டோ, யாரோ போர்வைக்குள் முனகுவதுபோல் இருக்கும்.

பழி சமையல்காரி மரிக்கொழுந்து மேல் விழுந்தது.

"உன் மிக்ஸி சத்தத்துலதான் அதுக்குத் தொண்டை கட்டிடுச்சு. நாலு மணிக்குச் சம்பந்தியம்மா வர்றாங்க. அதுக்குள்ள அது கணீர்னு பாடணும், இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே. ஷோகேஸ்ல கை வெச்சே, தெரியும் சேதி!"

"கதவைத் திறந்து வெச்சா..."

"தாசில்தாருக்கே புத்தி சொல்றியா?"

"சரிங்கய்யா, தொடலை."

சம்பந்தியம்மா வந்தார். ஸ்பீக்கர் முனகியது. மரிக்கொழுந்து காபியை நீட்டியபடியே, "ஐயா கேரம்ல ஜெயிச்ச கேடயம் அந்த ஷோகேஸ்லதாம்மா இருக்கு, பாக்கலியா?" என்றாள்.

"அப்படியா சம்பந்தி?"

சாவி இடுப்பிலிருந்து துள்ளி வந்தது. கதவு திறந்ததும் நாதஸ்வரம் கணீரென்று வீட்டையே நிறைத்தது. கேடயத்தை எடுத்தவர், தூசி ஞாபகம் வந்து கதவைச் சாத்தினார். முனகல். திறந்தார். கணீர். மறுபடி சாத்தினார். முனகல். சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"நான் தொடலீங்கய்யா," என்றாள் மரிக்கொழுந்து.

வேலை தப்பியது. ஆனாலும் மனுஷர் பூட்டுவதை விடவில்லை. அதனாலென்ன, நல்ல பாட்டு கேட்க ஆசை வந்தால், "அந்த ஃபைனல்ல சிவப்புக் காயை எப்படிங்கய்யா போட்டீங்க?" என்று கேட்பாள்; கேடயத்தை எடுக்கச் சாவி துள்ளி வந்ததும் அவள் மாவு பிசையப் போய்விடுவாள்.