உலக்கை விழக் காத்திருந்த வீடு

மருதப்பன் சீடராக வந்து சேர்ந்த குரு நல்லமங்கை அவரைவிட வயதில் இளையவர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர் மருதப்பன். 'போலி அறிவியல்' என்ற சொல் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் போல எப்போதும் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்தது.

சூரிய கிரகணத்தன்று காலையில் அடுத்த தெருவிலிருந்த வெள்ளையம்மாள் வீட்டுக்குப் போனார். அந்த வீட்டு மருமகள் சுகந்தி நிறைமாதக்காரி. விடியலிலிருந்து அவளை இருட்டறையில் வைத்திருந்தார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. கிரகணம் பிடித்திருக்கும் வரைதான் தாம்பாளத்து நீரில் உலக்கை நிற்கும், விட்டதும் விழுந்துவிடும், விழுந்தபின் கதவைத் திறக்கலாம் என்பது அந்த வீட்டு வழக்கம்.

பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு வாய் தண்ணீராவது கொடுங்கள் என்று மருதப்பன் கேட்டுப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. கோபம் தலைக்கேறியது.

"உலக்கையாவது நிக்கிறதாவது. சுத்தமான போலி அறிவியல். நின்னுட்டா என் வாயை மூடிக்கிறேன்."

வெள்ளையம்மாள் தாம்பாளத்து மஞ்சள் நீரின் நடுவே உலக்கையை வைத்து, மெல்லக் கையை எடுத்தாள். அது நின்றது.

"வாத்தியாரே, வாய்?" என்றாள்.

முற்றம் சிரித்தது. தோற்ற மனுஷன் தட்டிவிட்டுவிடுவார் என்று அவரை வாசலுக்கு அனுப்பினார்கள். முந்தைய கிரகணங்களில் ஒரு கோழியோ குழந்தையோ உலக்கையை இடித்துத் தள்ளிவிடும். இந்த முறை பந்தயம் ஆகிவிட்டதால் சுற்றிலும் காவல்.

கிரகணம் விட்டது. வெயில் ஏறியது. உலக்கை விழவில்லை.

உள்ளேயிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டது. "அத்தை, நாக்கு ஒட்டிக்கிச்சு."

வெள்ளையம்மாளின் முகம் வெளுத்தது. ஆனாலும் உலக்கை நின்றுகொண்டிருக்கிறதே. இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மருதப்பன் குருவிடம் ஓடினார்.

நல்லமங்கை வந்தார். உலக்கையைப் பார்க்கவில்லை. முற்றத்து வேம்பின் நிழலில் சிதறிக் கிடந்த வெளிச்சப் பொட்டுகளைக் காட்டினார்.

"வெள்ளையம்மா, காலையில இதெல்லாம் எப்படி இருந்துச்சு?"

"பிறை பிறையா இருந்துச்சு. மரத்தடி பூரா."

"இப்போ?"

வெள்ளையம்மாள் குனிந்து பார்த்தாள். எல்லாம் முழு வட்டமாக இருந்தன.

"விட்டிருச்சு," என்றாள் மெதுவாக.

"அப்போ உலக்கையை எடுத்து மறுபடி நிறுத்து. உன் கையாலயே."

நிறுத்தினாள். நின்றது. கிரகணம் இன்னும் இருக்கிறதா என்று அவள் வானத்தைப் பார்க்கவில்லை. உலக்கையை எடுத்து முந்தானையால் ஈரம் போகத் துடைத்தாள். தாம்பாளமும் இல்லாமல், நீரும் இல்லாமல், வெறும் தரையில் நிறுத்தினாள். அதன் தட்டையான இரும்புப் பூண் தரையில் படிந்து நின்றது.

பிறகு உலக்கையைச் சுவரோரம் சாத்திவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு போய்த் தாழ்ப்பாளை அவளே நீக்கினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் மருதப்பனுக்கு மனசு ஆறவில்லை.

"நானும் அதைத்தானே சொன்னேன், அம்மா. என்னை வாசலுக்கு விரட்டினாங்க. போலிங்கிற சொல்லை நீங்க ஒரு தடவைகூடச் சொல்லலை. கதவு திறந்துச்சு."

நல்லமங்கை நடந்துகொண்டே இருந்தார்.

"அந்தச் சொல் தப்பா, அம்மா?"

"நல்ல சொல்தான், ஐயா."

"பின்னே?"

"வெள்ளையம்மா மத்த நாள்ல உலக்கையை நிறுத்திப் பார்க்கலை. நீங்க எந்த நாள்லயும் நிறுத்திப் பார்க்கலை."