போகும்போது போர்த்திக்கொண்டது

"எச்.ஐ.வி. கிருமி செல்லுக்குள்ளே எப்படி நுழையுதுன்னு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு மேடம். வெளியே எப்படிப் போகுது?"

கேட்டவள் ஜெயசீலி. பல வருஷம் எய்ட்ஸ் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தவள். அவளுக்கு வழிகாட்டி நப்பின்னை. வயதில் சின்னவள், பேச்சில் சிக்கனம். ஜெயசீலியை அவள் 'சிஸ்டர்' என்றே கூப்பிட்டாள்.

நப்பின்னை மைக்ராஸ்கோப் படம் ஒன்றைத் திரையில் போட்டாள்.

ஒரு செல்லின் ஓரம். அதன் சவ்வு ஓரிடத்தில் கொப்புளம்போல வெளியே புடைத்திருந்தது.

"உள்ளேயே செஞ்ச புரதமெல்லாம் சவ்வுக்கு அடியில வந்து கூடுது. நெருக்கிக்கிட்டு நின்னு வெளியே தள்ளுது. அப்படித்தான் புதுக் கிருமி உருவாகுது."

"மேல இருக்கிற உறை?"

"சொந்தமா உறை கிடையாது. செல்லோட சவ்வைத்தான் போர்த்திக்கிட்டுப் போகுது."

ஜெயசீலி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரத்தத்தோட எடுத்து உறைய வெச்சிருந்தா? வருஷக்கணக்கா?"

"யார் உடம்பிலேர்ந்து போச்சோ, அவங்க சவ்வு அப்படியே இருக்கும்."

அன்று ஜெயசீலி மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். ஐசக். இந்த நோய்க்கு மருந்து ஊர்ப் பக்கமே வராத காலத்தில், அவள் வேலை பார்த்த வார்டிலேயே படுத்து இறந்தான். வீட்டில் பயந்துபோய் அவன் துணி, பாய், போட்டோ எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள். கல்லறையில் பெயர்கூட வைக்கவில்லை.

அவனிடம் கடைசியாக ரத்தம் எடுத்தவள் ஜெயசீலிதான். அதிலிருந்து பிரித்த பிளாஸ்மா, ஆராய்ச்சிக்கென்று அனுப்பப்பட்டு, ஒரு சின்னக் குழாயில் இந்த லேபின் ஃப்ரீசரில் இருந்தது. அவள் இங்கே படிக்க வந்ததே அதற்காகத்தான். அது யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு ஏதாவது சாக்குச் சொல்லி ஃப்ரீசரைத் திறப்பாள். பனி படிந்த குழாயைப் பார்ப்பாள். மூடிய பிறகும் அங்கேயே நிற்பாள்.

நப்பின்னை கவனித்தாள்.

ஒருநாள் சொன்னாள்:

"கிருமி வெளியே போறதைத் தடுக்கிற மருந்து ஒண்ணைச் சோதிக்கணும், சிஸ்டர். எந்த மருந்தையும் பார்க்காத பழைய கிருமி வேணும். நம்மகிட்ட ஒரே ஒரு குழாய்தான் இருக்கு."

"அது என் தம்பி, மேடம்."

நப்பின்னை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவரைக் கொன்னது அது."

"தெரியும். ஆனா அவன் உடம்புல மிச்சமிருக்கிறது அது மேலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

ஜெயசீலி ஃப்ரீசர் பக்கம் பார்த்தாள்.

"சோதனைக்காக வளர்த்தா என்ன ஆகும் மேடம்?"

"புதுச் செல்லுக்குள்ள நுழையும். நுழையறப்போ, போர்த்தியிருக்கிற பழைய சவ்வு அந்தச் செல்லோட சவ்வுல கலந்துடும்."

"திரும்ப வெளியே வர்றப்போ?"

"அந்தச் செல்லு, லேபுக்கு ரத்தம் குடுத்த வேற யாரோ ஒருத்தரோடது. அவங்க சவ்வைப் போர்த்திக்கிட்டு வரும்."

"வளர்க்கலைன்னா?"

"ஃப்ரீசர்லயே இருக்கும். நீங்களே முடிவு பண்ணுங்க."

ஜெயசீலியால் முடிவு பண்ண முடியவில்லை. நாட்கள் போயின. நப்பின்னை அவசரப்படுத்தவில்லை. ஒரு காலையில் வேறொரு படத்தை அவள் முன் வைத்தாள்.

இதிலும் செல்லின் ஓரம்தான். சுற்றிலும் உருண்டைகள். முழுதாய் உருவானவை. ஆனால் ஒவ்வொன்றும் மெல்லிய காம்பில் செல்லோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் போகல?"

"காம்பை அறுக்கிற கத்தி கிருமிகிட்ட இல்ல. செல்லுதான் வந்து அறுத்து விடணும். செல்லைக் கூப்பிடுற புரதத் துண்டை இந்தக் கிருமியிலேர்ந்து எடுத்துட்டோம்."

"அந்தக் கத்தி செல்லுகிட்ட எதுக்கு இருக்கு?"

"ஒரு செல் ரெண்டாப் பிரியறப்போ கடைசி இழையை அறுக்க."

உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் போகாமல் தொங்கிய அந்த உருண்டைகளைச் சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தாள் ஜெயசீலி.

மறுநாள் காலை, கையுறைமேல் கையுறை மாட்டிக்கொண்டு அவளே குழாயை வெளியே எடுத்தாள். வெதுவெதுப்பான நீரில் அதைப் பிடித்திருந்தாள். பனி கரைந்து, உள்ளே இளமஞ்சள் நிறம் தெரிந்தது.

"ஐசக்குக்குக் குளிரே ஆகாது, மேடம். சித்திரை மாசத்துலயே ரெண்டு போர்வை கேப்பான்."

நப்பின்னை தலையசைத்தாள்.

ஜெயசீலி ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அதைக் குடுவையில் இருந்த செல்களோடு கலந்தாள். குடுவையை, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டருக்குள் வைத்தாள்.

வைத்துவிட்டு, திறந்த கதவைப் பிடித்தபடி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"கதவு திறந்திருந்தா உள்ளே குளிர்ந்துடும், சிஸ்டர்."

ஜெயசீலி கதவை மூடினாள்.