நிறைகுடம் சுமந்த வேளார்

“முகம் வரலை” என்றார் அடைக்கலம் வேளார்.

யாருடைய முகம் என்று, ஊருக்கு வெளியே மாந்தோப்பில் குடியிருந்த தோப்பம்மா கேட்கவில்லை. வைகாசிக் கடைசிச் செவ்வாய்க்கு அம்மனுக்கு மண்சிலை செய்ய, ஊர் கூடிக் குயவரான வேளாருக்குப் பிடிமண் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும்.

பிடிமண் என்றால் ஊர் மண்ணில் ஒரு கைப்பிடி. கையேந்தி வாங்கிவிட்டால் சிலையைக் கொடுத்தாக வேண்டும். திருப்பிக் கொடுத்த வேளார் அந்தப் பக்கத்தில் கிடையாது.

திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. உடம்பு ஆயிற்று, கை ஆயிற்று. முகத்தை மட்டும் நாலு தடவை செய்து, நாலு தடவையும் பிசைந்து போட்டார். கடைசி முகத்தைப் பார்த்த அவர் பெண்சாதி, இது வரம் கொடுக்கிற முகமா, வாசலுக்கு வந்தவனை விரட்டுகிற முகமா என்று கேட்டுவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

இளவேனில் முடிகிற நேரம். தோப்பில் வேப்பம்பூ உதிர்ந்து ஓய்ந்திருந்தது. மாங்காய் பழுக்கத் தொடங்கியிருந்தது.

தோப்பம்மாவுக்கு நாற்பது வயசு இருக்கும். வேளாருக்கு அறுபத்திரண்டு. மகள் வயசுக்காரியிடம் வந்து நிற்கிறோமே என்று அவருக்கு உள்ளே குமைச்சல். ஆனால் மனக்குறை உள்ளவர்கள் எல்லாம் அவளிடம்தான் போனார்கள்.

யாரை நினைத்துச் செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

அம்மன் என்றால் பெற்றவள்தானே வந்து நிற்கிறாள் என்றார். ஆனால் அவள் முகம் தனக்கு ஞாபகத்தில் இல்லை, முதுகுதான் இருக்கிறது என்றார்.

பிறகு ஐம்பத்து நாலு வருஷத்து வயிற்றெரிச்சலையும் எடுத்து வைத்தார்.

அது அப்பன் செத்த வருஷம். மண்வேலை பழகட்டும் என்று எட்டு வயசுப் பிள்ளையை மாமன் வீட்டுச் சூளையில் விட்டுவிட்டு அவள் நடந்தாள். இடுப்பில் ஒரு தங்கச்சி, கையில் ஒரு தங்கச்சி. அவர்களை விடவில்லை. இவரைத்தான் விட்டாள்.

“மூணு தரம் கூப்பிட்டேன், ஆத்தா, ஆத்தான்னு. ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கலை.”

அவளுக்குக் கொள்ளி வைத்தபோது கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை என்றும் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

தோப்பம்மா எழுந்துபோய் ஒரு மண்குடத்தைக் கொண்டுவந்தாள். கிணற்றில் மொண்டு விளிம்புவரை நிறைத்து, தலையில் வைத்துப் போய், தோப்புக் கோடியில் இருக்கிற மாங்கன்றுக்கு ஊற்றச் சொன்னாள். கன்று வாடிக் கிடக்கிறது, வழியில் ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்றாள்.

வேளாருக்குச் சுருக்கென்றது. பிள்ளை பெறாதவளிடம் தாயைப் பற்றிச் சொல்ல வந்த என் புத்தியைச் சொல்லணும் என்று, அவள் காதில் விழும்படியே முணுமுணுத்தார்.

“எனக்குத் தெரியாதுதான்” என்றாள் அவள். “அதனாலேதான் உங்களைச் சுமக்கச் சொல்றேன்.”

சுமந்தார்.

வெயில் முகத்தில் அடித்தது. கழுத்து விறைத்தது. காலால் தரையைத் தடவித் தடவி நடந்தார்.

பாதி வழியில், பின்னாலிருந்து “வேளாரே” என்று கூப்பிட்டாள்.

அவர் நடந்தார்.

மறுபடியும் கூப்பிட்டாள். குரல் உயர்ந்திருந்தது.

அவர் நடந்தார்.

மூன்றாம் தரம், பாம்பைக் கண்டவள் போலக் கூப்பிட்டாள். வேளாருக்குப் பிடரி சிலிர்த்தது. குடத்துத் தண்ணீர் ஒரு அலை அடித்து விளிம்பிலேயே நின்றது.

அவர் நடந்தார்.

கன்றுக்கு ஊற்றிவிட்டு வெறுங்குடத்தோடு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“மூணு தரம் கூப்பிட்டேனே, காதில் விழலையா?”

“விழாமல் என்ன? தலையிலே நிறைகுடம். திரும்பியிருந்தா அத்தனையும் கொட்டியிருக்கும்.”

சொன்ன வாய் மூடவில்லை. ஆத்தாவின் முதுகு கண்முன்னே வந்து நின்றது.

தோப்பம்மா கிட்டே வந்தாள். அவர் கையிலிருந்து குடத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

வேளார் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். எட்டு வயசில் அழுதது போக மிச்சமிருந்ததையும், கொள்ளி வைத்தபோது அழாததையும் சேர்த்து அழுதார். அழுது முடித்ததும், பாரம் இறக்கின வண்டிமாடு மாதிரி நீளமாக ஒரு மூச்சு விட்டார். பசித்தது. ஒரு மாம்பழம் கேட்டு வாங்கி, கொட்டை வெளுக்கும்வரை சப்பித் தின்றார்.

“வர்றேன் தாயீ” என்றார். அதுவரை அவளை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

செவ்வாயன்று சிலையை இறக்கிவைத்தார்கள். ஊர்த் தலைவர் வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்ன வேளாரே, ஆத்தா கண்ணு இப்படி விளிம்புவரைக்கும் நிறைஞ்சு நிக்குது? கொட்டிடாதா?”

“கொட்டமாட்டா” என்றார் வேளார்.