சும்மா கிடந்த அறுபது பெட்டிகள்

கொம்புமலைக் காட்டில் அருவிக்குப் பின்னால் ஒரு குகை. அந்தக் குகைக்குள் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் இருந்தது. நூறு பெட்டிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே கணினி அது. வேலை செய்யும் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். சும்மா இருக்கும் பெட்டியில் மஞ்சள் விளக்கு எரியும்.

ஆராய்ச்சி செய்யும் விலங்குகளுக்கெல்லாம் அது பொது. பொது என்றால் சண்டை வராமல் இருக்குமா? அதனால் முள்ளம்பன்றியைப் பொறுப்பாளராக வைத்தார்கள். அதைத் தள்ளிவிட்டு உள்ளே போக யாருக்குத்தான் துணிச்சல் வரும்!

எத்தனை பெட்டி வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்று முள்ளம்பன்றியிடம் சொல்லிவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் முறை. ஆனால் அந்தக் காட்டு அறிஞர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். பத்துப் பெட்டி போதும் என்றாலும் முப்பது கேட்பார்கள். கேட்டால், "எதுக்கும் இருக்கட்டுமே!" என்பார்கள்.

அன்று காலை கரடியின் வேலை ஓடிக்கொண்டிருந்தது. தேன்மரங்கள் எப்போது பூக்கும் என்று கணக்குப் போட அது நாற்பது பெட்டிகளை உச்சிப்பொழுது வரை வாங்கியிருந்தது. அடுத்த முறை யானையுடையது. புல்வெளிகளைப் பற்றிய ஆராய்ச்சி.

"எனக்கு நூறு பெட்டியும் வேணும்!" என்றது யானை.

கரடி முடிக்காமல் நூறும் கிடைக்காது. ஆகவே யானை குகை வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. உள்ளே அறுபது பெட்டிகள் மஞ்சள் விளக்கோடு சும்மா கிடந்தன. அதில் என்ன தப்பு இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போது நீர்நாய் மூச்சிரைக்க ஓடி வந்தது. தண்ணீர் போகும் வழிகளை ஆராய்வதுதான் அதன் வேலை.

"முள்ளம்பன்றி அக்கா! மேல்மலையில பேய்மழை. ஏரிக்கரையில விரிசல் விட்டிருக்கு. சாயங்காலத்துக்குள்ள உடைஞ்சிடும். தண்ணி கிழக்கே பாயுமா மேற்கே பாயுமான்னு கணக்குப் போடணும். என் குட்டிங்க இன்னும் கண்ணே திறக்கல. தப்பான பக்கம் தூக்கிட்டுப் போனேன்னா..." அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டது.

முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டியது. "எல்லாரும் அவசரம்னுதான் வர்றாங்க. போன வாரம் குரங்கு அவசரம்னு வந்து வாழைப்பழக் கணக்குப் போட்டுட்டுப் போச்சு! வரிசையை ஒருத்தருக்காக மாத்தினா நாளைக்கு வரிசையே இருக்காதும்மா."

யானையும் காதை விசிறியது. "நான் விடியறதுக்கு முன்னாடியே வந்தவன்! என் முறையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்!"

நீர்நாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு குகைக்குள் எட்டிப் பார்த்தது. வரிசை வரிசையாக மஞ்சள் விளக்குகள்! அதற்குச் சட்டென்று ஒன்று புரிந்தது.

"யானை அண்ணா, உங்க முறை எனக்கு வேண்டாம். கரடி மாமா உச்சிப்பொழுதுக்குத்தானே முடிப்பாரு? அதுவரைக்கும் அந்த அறுபது பெட்டியும் சும்மாதானே கிடக்கும்? எனக்கு இருபது போதும். நீங்க உள்ள போறதுக்கு முன்னாடியே முடிச்சிடுவேன். உங்களுக்கு ஒரு நொடிகூடத் தள்ளிப் போகாது!"

"முடிக்கலைன்னா?" என்றது யானை.

"பாதியிலேயே நிறுத்திடுங்க. போன மழைக்கே இந்தக் கணக்கைச் சின்னதாப் போட்டுப் பார்த்திருக்கேன். எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும்!"

யானை வாசலை விட்டு ஒதுங்கி உட்கார்ந்தது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு சொன்னது: "சரி, போ! ஆனா உச்சிப்பொழுது வந்தா யாரா இருந்தாலும் நிறுத்திடுவேன்!"

இதையெல்லாம் புதரோரம் நின்று கேட்டது நரி. நிலாவில் நண்டு உண்டா என்று பல காலமாக ஆராயும் பேரறிஞர் அது! அந்த வேலை முடிய இரண்டு நாளாவது ஆகும். "அக்கா, எனக்கும் கொஞ்ச நேரந்தான்!" என்று கூசாமல் புளுகிவிட்டு மீதிப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டது.

சூரியன் மேலே ஏறிக்கொண்டே போனது. நீர்நாய் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உச்சிப்பொழுது நெருங்க நெருங்க யானையும் எழுந்து நின்றுவிட்டது. கணக்கு இன்னும் முடியவில்லை.

"நேரமாச்சு!" என்று முள்ளம்பன்றி வாயெடுத்ததுதான் தாமதம், நீர்நாயின் இருபது பெட்டிகளிலும் ஒன்றாக மஞ்சள் விளக்கு எரிந்தது.

"முடிஞ்சிடுச்சு! தண்ணி மேற்கே பாயுது! கிழக்கு மேட்டுக்குப் போங்க!" என்று நீர்நாய் கத்தியது.

"மேற்கேயா?" என்று அலறியது யானை. "ஐயோ, என் கூட்டமே மேற்குப் பள்ளத்துலதான் மேயுது! கன்றுங்களும் அங்கதான் இருக்கு!"

வழியில் இருந்த எல்லாரையும் எச்சரித்தபடி அது பிளிறிக்கொண்டு ஓடியது. நீர்நாய் குட்டிகளைக் கவ்விக் கொண்டுவர வளைக்குப் பாய்ந்தது. குகையில் நரி மட்டும், "அக்கா, இன்னும் கொஞ்ச நேரம்! நண்டோட ஒரு கால் தெரியுது!" என்று கெஞ்சியது. முள்ளம்பன்றி பட்டென்று நிறுத்தியது. நண்டும் போச்சு, காலும் போச்சு!

மாலையில் ஏரிக்கரை உடைந்தது. வெள்ளம் மரங்களைப் பிடுங்கிக்கொண்டு மேற்குப் பள்ளத்தில் பாய்ந்தது. அங்கே ஒரு முயல்கூட இல்லை. கிழக்கு மேட்டில் காடே கூடி நின்றது. நீர்நாயின் குட்டிகள் யானைக்கன்றின் காலடியில் கதகதப்பாகத் தூங்கின. எல்லாரும் சேர்ந்து போட்ட ஆரவாரத்தில் வெள்ளத்தின் இரைச்சலே கேட்கவில்லை. யானை நீர்நாயைத் தும்பிக்கையால் தூக்கித் தன் மத்தகத்தில் உட்கார வைத்தது.

பிறகு முள்ளம்பன்றியின் பக்கம் திரும்பித் தயங்கித் தயங்கிச் சொன்னது. "அக்கா, உண்மையைச் சொல்லிடறேன். என் புல்வெளிக் கணக்குக்கு ஐம்பது பெட்டியே போதும்."

"அடப்பாவி! அப்படிச் சொல்லியிருந்தா விடியக்காலையிலேயே உன்னை உள்ள விட்டிருப்பேனே! இந்நேரம் உன் வேலையே முடிஞ்சிருக்குமே!" என்றது முள்ளம்பன்றி.

மேட்டில் இருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யானையும் வெட்கத்தோடு சேர்ந்து சிரித்தது. மறுநாள் எல்லாரும் தங்களுக்குத் தேவையான பெட்டிகளை மட்டுமே கேட்டார்கள். குகை வாசலில் வரிசை பாதியாகக் குறைந்திருந்தது. உள்ளே நூறு பெட்டிகளிலும் பச்சை விளக்கு எரிந்தது.

பொதுச்சொத்தில் தன் தேவையை உள்ளபடி கேட்பவர் தானும் பிழைப்பார், பிறரையும் பிழைக்க வைப்பார்.