சும்மா இருக்கிற வேலைக்கு நாலு பேர்

நொச்சிமேட்டுக்காரர்கள் மழை பெய்தால் குடையைக் கொண்டுபோய்க் கொடியில் காயப்போடுவார்கள் என்று பக்கத்து ஊரில் ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். ஊர் மொத்தமும் அப்படிச் செய்யவில்லை, நாலே நாலு பேர்தான் செய்தார்கள். அந்த நாலு பேரும் யோக்கியர்கள், அடுத்தவன் காசுக்கு ஆசைப்படாதவர்கள். அரசாங்கம் ஒன்று சொன்னால் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள். அதில்தான் வினையே.

நாலு பேருக்கும் பேரூராட்சியில் தெருவிளக்கு மாட்டுகிற வேலை. தளவாய் ஏணியைச் சுமப்பார். இசக்கியப்பன் ஏணியைப் பிடிப்பார். சொரிமுத்து ஏறுவார். உச்சிமாகாளி கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "எரியுது, இறங்கும்வே" என்பார். அவனவன் வேலையை அவனவன் பார்க்கணும், அடுத்தவன் வேலையில் கை வைக்கக் கூடாது என்று சேர்ந்த அன்றைக்கே மேஸ்திரி சொல்லியிருந்தார். ஒரு தடவை சொரிமுத்து மேலே இருக்கும்போது உச்சிமாகாளிக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வருகிற வரைக்கும் சொரிமுத்து இறங்கவில்லை. சொரிமுத்துவின் சம்சாரம் உலகம்மாள்தான் தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டுக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினாள். பாவம், அவளும் எத்தனையைத்தான் தாங்குவாள்!

ஒரே நாளில் சேர்ந்தார்கள், ஒரே நாளில் ரிட்டயர் ஆனார்கள். பென்ஷன் வருகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சொரிமுத்துவுக்கு மட்டும் ஒரு குறை. வாயில் ஒரு பல் பாக்கியில்லாமல் கொட்டிவிட்டது. மனுஷனுக்கு முறுக்கு என்றால் உயிர். உலகம்மாள் முறுக்கை உரலில் இடித்துப் பொடியாக்கிக் கரண்டியில் ஊட்டுவாள். ருசி அப்படியேதான் இருந்தது. ஆனால் கடிக்கும்போது வருமே ஒரு 'நறுக்', அது இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கிவிடும். பல்செட்டு கட்டலாம் என்றால் பென்ஷனில் துண்டு விழும்.

அந்தச் சமயத்தில்தான், வியாபாரம் படுத்துக் கிடக்கிறது, சனங்கள் கையில் நாலு காசு புழங்கினால் கடைகண்ணி எழுந்துவிடும் என்று அரசாங்கம் ஓர் ஊக்கத்தொகை அறிவித்தது. டீக்கடையில் அதே பேச்சு.

"ரிட்டயர் ஆனவனுக்கும் உண்டாவே?" என்று கேட்டார் சொரிமுத்து. கேட்கும்போதே அவருக்கு வாயில் எச்சில் ஊறியது.

"நமக்கு எதுக்குத் தருவான்? நமக்கு ஊக்கம் வந்து என்ன செய்ய? மறுபடியும் ஏணியில ஏறவா போறோம்?" என்றார் இசக்கியப்பன்.

"கிழவனுக்குத்தான்வே ஊக்கம் வேணும். எளவட்டப் பயலுக்கு அது தன்னால இருக்கு," என்றார் தளவாய்.

இப்படியே நாலு டீ ஆறிப்போன பிறகு, ஆபீசிலேயே கேட்டுவிடலாம் என்று கிளம்பினார்கள். வருவாய் ஆய்வாளர் செண்பகம் மேடம் நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, பொறுமையாகப் பதில் சொன்னார்.

"ஓய்வுபெற்றவங்களுக்கும் உண்டு பெரியவரே. ஆனா ஒரு நிபந்தனை. இப்போ நீங்க எந்த வேலையும் செய்யக் கூடாது. புதன்கிழமை நானே ஊருக்கு வந்து பார்ப்பேன். வேலை செய்யறீங்கன்னு தெரிஞ்சா, பணம் கிடையாது."

வெளியே வந்ததும் நாலு பேரும் ஒரு புங்கை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். முகத்தில் ஈயாடவில்லை.

"எந்த வேலையுமா? வேட்டி கட்டுதது?" என்றார் சொரிமுத்து.

"அதுவும் பெரிய வேலைதானவே! செவ்வாய்க்கிழமையே கட்டிரணும், புதன்கிழமை அன்னைக்குத் தொடக் கூடாது," என்றார் தளவாய்.

"கொட்டாவி?"

"அது தானா வருது. வேலையில சேராது."

"அப்ப மூச்சு?"

எல்லோரும் சட்டென்று உஷாரானார்கள். மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்கள். கடைசியில் உச்சிமாகாளி தொண்டையைச் செருமினார். "மூச்சு நாம வேலையில சேருததுக்கு முன்னாலயே விட்டுட்டிருந்தோம். ரிட்டயர் ஆன பிறகு புதுசாத் தேடிக்கிட்டது இல்ல. மேடம் அதைச் சொல்லல."

எல்லோரும் நன்றாக மூச்சு விட்டார்கள். அப்போது இசக்கியப்பனுக்கு இன்னொரு யோசனை.

"ஏம்வே, சும்மா இருக்கச் சொன்னது யாரு? அரசாங்கம். அப்ப சும்மா இருக்கதும் அரசாங்க வேலைதான? அரசாங்க வேலையை நாம என்னைக்காவது ஒத்தையாளாச் செஞ்சிருக்கோமா?"

வேலை செய்யாமல் இருப்பதையே வேலையாக்கிவிட்டோமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் எனக்கும் கதை சொல்லும் சிரமம் இருந்திருக்காது. அங்கேயே பங்கு பிரித்தார்கள். தளவாய் காலை அசைக்கக் கூடாது. இசக்கியப்பன் கையை அசைக்கக் கூடாது. உச்சிமாகாளி கண்ணைத் திறக்கக் கூடாது. சொரிமுத்து வாயைத் திறக்கக் கூடாது. நாலையும் கூட்டினால் ஒரு முழு ஆள் சும்மா இருக்கிற கணக்கு. புதன்கிழமை தடுமாறக் கூடாது, இப்போதே பழகிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு நடந்தார்கள். கடைத்தெரு நடுவே வரும்போது உச்சிமாகாளி, "சரி, ஆரம்பிங்கவே!" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

தளவாய் அப்படியே நின்றுவிட்டார். பஸ்காரன் ஆரன் அடித்துப் பார்த்தான், அப்பன் பாட்டனை எல்லாம் இழுத்துத் திட்டிப் பார்த்தான், பிறகு ஒதுங்கிப் போய்விட்டான். சந்தைக்கு வந்த ஒருத்தன் தன் எருமையை அவர் காலில் கட்டிவிட்டுப் போனான். திரும்பி வந்து அவிழ்க்கும்போது, இந்த ஊரில் கட்டுத்தறி எல்லாம் உறுதியாக இருக்கிறது என்று பாராட்டினான்.

உச்சிமாகாளி கண்ணை மூடியபடியே வீட்டுக்குப் போய், திருப்தியாகச் சாப்பிட்டு எழுந்தார். "என்னிக்கும் இல்லாம இன்னைக்கு ரசம் அருமையா இருக்கே," என்று சொன்ன பிறகுதான் அது அடுத்த வீடு என்று தெரிந்தது. இசக்கியப்பன் முன்னால் வடை இருந்தது. காக்கா வந்தது, பார்த்தது, எடுத்துக்கொண்டு போயிற்று. விரட்டுவது கை வேலையாயிற்றே, அவர் என்ன செய்வார்?

சொரிமுத்து பாடுதான் பெரும்பாடு. உலகம்மாள், "சோறு போடட்டுமாங்க?" என்றாள். பதில் இல்லை. தலையை ஆட்டியிருக்கலாம். ஆனால் கழுத்தை யாருக்கும் பங்கு போடவில்லையே, அனுமதி இல்லாமல் அதை எப்படி ஆட்டுவது? அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து அவள் பயந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து செய்த தப்பையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அதில் பாதி அவருக்கு அதுவரை தெரியவே தெரியாது.

புதன்கிழமை பஸ் நிழற்குடையில் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பையும் கையுமாகச் செண்பகம் மேடம் வந்து இறங்கினார்.

"இதுல சொரிமுத்து யாரு?"

சொரிமுத்துவுக்கு நான்தான் என்று சொல்ல வாய் துடித்தது. உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"எனக்கு வலது பக்கம் இருக்காரு மேடம்," என்றார் உச்சிமாகாளி, கண்ணைத் திறக்காமல்.

"அங்க ஆடுல்ல நிக்குது?"

"அப்ப அதுக்கும் கொஞ்சம் தள்ளி இருப்பாரு."

மேடம் நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரி, இப்போ நீங்க எல்லாரும் என்ன செஞ்சிட்டிருக்கீங்க?"

"சும்மா இருக்க வேலை பாக்கோம் மேடம்," என்றார் தளவாய் நெஞ்சை நிமிர்த்தி. "ஒரு நாள் லீவு போடல."

"வேலையா?"

"லேசுப்பட்ட வேலை இல்ல மேடம். என் வடை போச்சு!" என்றார் இசக்கியப்பன்.

"வேலை செய்யறவங்களுக்குப் பணம் கிடையாதுன்னு அன்னைக்கே சொன்னேனே பெரியவரே," என்று மேடம் பையை மூடினார்.

பல்செட்டு கையை விட்டுப் போகிறது! சொரிமுத்துவால் பொறுக்க முடியவில்லை. துள்ளி எழுந்தார்.

"மேடம்! நான் வேலை செய்யல! இந்தா பேசுதேன் பாருங்க! பேசாம இருக்கதுதான் என் வேலை, அதை இப்பமே நிறுத்திட்டேன்!"

மற்ற மூன்று பேருக்கும் பொறி தட்டியது. உச்சிமாகாளி, "நானும் நிறுத்திட்டேன்!" என்று கண்ணை முட்டைபோல உருட்டினார். இசக்கியப்பன் இரண்டு கையையும் காற்றாடிபோலச் சுற்றினார். தளவாய் நிழற்குடையைச் சுற்றிச் சுற்றி ஓடினார். ஆடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிற்று.

மேடம் சிரித்துச் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போதும், போதும்! யாரும் வேலை செய்யலை, நான் நம்பறேன். நாலு பேருக்குமே எழுதிடறேன்."

"நாலு பேருக்கா?" உச்சிமாகாளி பதறிப்போனார். "அது பாவம் மேடம். நாங்க நாலு பேரும் சேர்ந்து பாத்தது ஒரே வேலை. அப்ப ரிட்டயர் ஆனதும் ஒரு ஆளுதான? ஒருத்தருக்கு உள்ளது போதும்."

மேடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். நாலு பேரும் ஒரே பிடியாக நின்றார்கள். அரசாங்கத்தை ஏமாற்ற மாட்டோம் என்றார்கள். கடைசியில் அவர் ஒருத்தருக்கு மட்டும் எழுதிக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்.

பணம் வந்தது. யாருக்கு என்று சண்டையே இல்லை. வாயை மூடியிருந்தவர் சொரிமுத்து, கடைசியில் வாயைத் திறந்து காரியத்தைக் காப்பாற்றியவரும் அவர்தான். ஆகவே பணம் வாய்க்கே போகட்டும் என்றார்கள். டவுனில் பல் டாக்டரிடம் அளவெடுத்துப் பல்செட்டு வாங்கியாயிற்று. உலகம்மாள் சந்தோஷத்தில் ஒரு டின் நிறைய முறுக்கு சுட்டுவைத்தாள். நாலு பேரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சொரிமுத்து முறுக்கை எடுத்து வாய்ப் பக்கம் கொண்டுபோனார்.

"பொறும்வே," என்றார் இசக்கியப்பன். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"தினமும் பல்லைக் கழத்தித் தண்ணியில ஊறப்போடணும்னாரு. நேத்தே போட்டுட்டேன்."

"அப்ப கடிக்காதீரும்! பருப்பு ஊறுது, அரிசி ஊறுது, பல்லு மட்டும் ஊறாதா? உள்ளுக்குள்ள மெத்துனு ஆயிருக்கும். கெட்டி முறுக்கைக் கடிச்சீர்னா நசுங்கிப்போகும். அம்புட்டுக் காசும் தண்டம்."

சொரிமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கலந்து பேசினார்கள். பல்லுக்குத் தோதாக முறுக்கையும் ஊறப்போட்டுவிட்டால் இரண்டும் சரிக்குச் சரி, யாருக்கும் சேதாரமில்லை என்று முடிவாயிற்று. ஒரு செம்புத் தண்ணீரில் முறுக்குகளை அமுக்கி, அவை பொதபொதவென்று ஆன பிறகு எடுத்துக் கொடுத்தார்கள். சொரிமுத்து கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

சத்தமே வரவில்லை.

"நறுக்கு எங்கவே?" என்றார் அழாக்குறையாக. "இதுக்காகவா நான் சோறு தண்ணி இல்லாம வாயை மூடிக் கிடந்தேன்?"

தளவாய்க்கு மனசு கேட்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். "இப்பக் கடியும்வே," என்று சொல்லி, சொரிமுத்து கடிக்கிற நேரம் பார்த்து அவர் காதோரமாக அதை ஒடித்தார். நறுக்!

சொரிமுத்துவின் முகம் மலர்ந்த மலர்ச்சியைச் சொல்லி முடியாது. "அதே சத்தம்வே! இன்னொண்ணு ஒடியும்!" என்றார், கண்ணில் நீர் முட்ட. ஒரு கடிக்கு ஓர் ஈர்க்கு. அடுப்படியில் இருந்த உலகம்மாளுக்கு அந்தச் சத்தம் கேட்கக் கேட்கப் பூரிப்புத் தாங்கவில்லை. பல்செட்டு என்னமாய்க் கடிக்கிறது என்று மெச்சிக்கொண்டு, மாவு பிசைந்து இன்னும் ஓர் ஈடு சுட்டாள்.

சாயங்காலம் விளக்கேற்றும் முன்னால் வீட்டைக் கூட்டலாம் என்று வந்தவள் மூலையைப் பார்த்தாள். விளக்குமாற்றைக் கட்டியிருந்த கயிறு மட்டும் கிடந்தது.

சொரிமுத்து வாய் நிறைய முறுக்கோடு நிமிர்ந்தார்.

"நல்ல நேரத்துல வந்த உலகம்மா. இன்னும் அரை டின் பாக்கி இருக்கு. அடுத்த வீட்டுல விளக்குமாறு இருந்தா கொஞ்சம் வாங்கிட்டு வா."